ராசா இருக்கிற நாட்டில எலெக்சன் எதுக்கு? கிளிநொச்சியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். படிவம் நிரப்புவது, கடிதம் ரைப் பண்ணுவது, ஸ்பொன்சர் காகிதங்களை ஸ்கான் பண்ணி அனுப்புவது என்று பொழுது போகும். கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேருக்குக் கனடாவிலோ லண்டனிலோ நோர்வேயிலோ ஒரு பிள்ளை, ஒரு சகோதரம் இருக்கும். அங்கே தேர்தல் வந்தால் இங்கே எனக்குக் கேள்வி வரும். சொல்லிச் சொல்லி வாய் உளைந்து போனதால்தான் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கனடாவில ஆளுறது ராசாவோ பிரதமரோ? ஒண்டைச் சொல்லுங்கோ.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் பிரதமர். ஆனால் எல்லாம் ராசாவின் பெயரில்தான் நடக்கும். சட்டம் அவர் பெயரில், நீதிமன்ற வழக்கு அவர் பெயரில், அமைச்சர் பதவியேற்பதும் அவர் பெயரில்.

என் கடையில் கொப்பி எடுத்தவர்கள் அதை உறுதிப்படுத்த நேரே ஜே.பி. (சமாதான நீதவான்) ஐயாவிடம் போவார்கள். அவர் அந்தக் காகிதத்தை எழுதியவர் அல்ல, அதில் இருப்பதைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவருடைய முத்திரை விழாவிட்டால் கந்தோரில் எடுக்கமாட்டார்கள். முடியாட்சி உள்ள பாராளுமன்ற நாட்டில் ராசா ஏறக்குறைய அந்த ஜே.பி.தான். காகிதத்தை எழுதுவது பிரதமரும் அமைச்சரவையும். அவர்களை வைத்திருப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் சனம் தெரிவு செய்த கீழ்ச்சபை.

சாள்ஸ் லண்டன் ராசா எல்லோ? கனடாவுக்கு எங்கால வந்தவர்?

ஆள் ஒருவர், முடி வேறு வேறு. மூன்றாம் சாள்ஸ் 15 நாடுகளுக்கு ராசா. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமெய்க்கா எல்லாம் அதற்குள் வரும். கனடாவின் விடயத்தில் அவர் கேட்பது ஒட்டாவாவின் பிரதமர் சொல்வதை. லண்டன் பிரதமருக்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை.

அவர் லண்டனில் இருப்பதால் கனடாவில் அவருக்குப் பதிலாக ஒரு மகாதேசாதிபதி இருப்பார். பிரதமர் சொல்லும் ஆளைத்தான் ராசா அந்தப் பதவிக்கு நியமிப்பார். 2021 இல் நியமனமான மேரி சைமன் இனுயிற் பழங்குடியைச் சேர்ந்தவர். 2025 மே 27 இல் சாள்ஸ் தானே ஒட்டாவாவுக்குப் போய்ப் பாராளுமன்றத்தைத் திறந்து வைக்கும் சிம்மாசனப் பிரசங்கத்தை வாசித்தார். வாசித்தது அவர், அதிலிருந்த அரசாங்கத் திட்டங்களை எழுதிக் கொடுத்தது அமைச்சரவை.

மகாதேசாதிபதி எண்டால் எங்கட மாகாண ஆளுநர் மாதிரியோ?

பெயரைப் பார்த்து ஏமாறாதேங்கோ. எங்கள் ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. 2018 ஒக்ரோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு, சபை இல்லாத ஆண்டுகளில் மாகாண நிர்வாகம் முழுக்க ஆளுநரின் கையில்தான். கனடாவில் நேர்மாறு. மகாதேசாதிபதிக்கு மாளிகை பெரிது, அதிகாரம் சிறிது. முறை இல்லாத இடத்தில் சின்னப் பதவியும் பெரிய அதிகாரமாகிவிடும் என்பது என் எண்ணம். அதைக் கடையில் சத்தமாகச் சொல்வதில்லை.

எங்கட நாட்டுக்கும் ராணி இருந்தவ எண்டு அம்மம்மா சொல்லுறா. உண்மையோ?

உண்மை. 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரம் கிடைத்தது, ஆனால் 1972 மே 22 வரை இலங்கை குடியரசு அல்ல. முதலில் ஆறாம் ஜோர்ஜ், 1952 இலிருந்து எலிசபெத். அவருக்கு ‘இலங்கை இராணி’ என்றே தனிப் பட்டம். 1954 இல் இங்கே வந்தும் போனார். கடைசி மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லாவ. குடியரசானதும் அதே ஆள்தான் முதல் ஜனாதிபதி. பெயர்ப்பலகை மாறியது, ஆள் மாறவில்லை.

முத்தையன்கட்டில் இருந்து வந்த ஒரு ஆச்சி கொட்டைப்பெட்டியை அவிழ்த்து எனக்கு ஒரு காசு காட்டினார். இரண்டு சதம். விளிம்பு பூவிதழ் மாதிரி வளைந்து வளைந்து இருக்கும், ஒரு பக்கம் இளவயது எலிசபெத்தின் தலை, மறுபக்கம் 1957. எத்தனை இடப்பெயர்வு கண்டதோ, வெற்றிலைக் காவி ஏறி ராணியின் மூக்கு மட்டும் பளபளத்தது. பழைய கனடாக் காசில் இருக்கும் தலையும் இவருடையதுதான் என்றேன். “அப்ப பேரன் அனுப்புற காசிலயும் இவதானோ?” என்று கேட்டார். புதுச் சில்லறையில் சாள்ஸ் வந்துவிட்டார், பழைய சில்லறையிலும் எலிசபெத்தின் படம் போட்ட இருபது டொலர்த் தாளிலும் இவர்தான், ஆச்சி.

பிரதமருக்கு எண்டு தனி எலெக்சன் வைக்கிறேல்லையோ?

இல்லை. எங்களுக்கு ஜனாதிபதித் தேர்தல் பழகிப் போனதால் இது விளங்கக் கஷ்டம். அங்கே ஒவ்வொரு ஊராரும் தங்கள் தொகுதிக்கு ஒரு எம்.பி.யைத் தெரிவு செய்வார்கள். கூட எம்.பி.மார் யார் பக்கம் நிற்கிறார்களோ, அந்தத் தலைவரை ராசா அழைத்து அரசாங்கம் அமைக்கச் சொல்வார். ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் அண்ணை பிரதமருக்கு வாக்குப் போட்டேன் என்று சொன்னால், உண்மையில் அவர் போட்டது தன் தொகுதியில் நின்ற அந்தக் கட்சிக்காரருக்கு.

அதனால்தான் தேர்தல் இல்லாமலே பிரதமர் மாறலாம். 2022 செப்டெம்பர் 6 இல் லண்டனில் லிஸ் ட்ரஸ் வந்தார். ஒக்ரோபர் 25 இல் ரிஷி சுனக் வந்துவிட்டார். இடையில் சனம் ஒரு புள்ளடிகூடப் போடவில்லை. கட்சிக்குள் தலைவர் மாறினார், எம்.பி.மார் மாறவில்லை, அவ்வளவுதான்.

அங்கயும் மூண்டு விருப்பு வாக்குப் போடலாமோ?

கனடாவிலும் பிரித்தானியாவிலும் இல்லை. ஒரு சீட்டு, ஒரு பெயர், பென்சிலால் ஒரு குறி. சின்னி விரலில் மையும் இல்லை. தொகுதியில் கூட வாக்கு எடுத்தவர் வென்றார், மற்றவர்களுக்குப் போட்ட வாக்கு அதோடு சரி. எங்கள் முறை பெரிய மாவட்டமாக எண்ணுவது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம், 2024 இல் அதற்கு 6 சீற். கிளிநொச்சிக்காரர் நாங்கள் ஊரால் வன்னி, வாக்கால் யாழ்ப்பாணம். இதை இங்கேயே பலருக்கு இன்னும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

அவுஸ்திரேலியா கொஞ்சம் வேறு. கீழ்ச்சபைச் சீட்டில் எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று வரிசை போட வேண்டும். யாரும் அரைவாசியைத் தாண்டாவிட்டால் கடைசியில் நிற்பவரைக் கழித்து அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்புக்குப் பிரிப்பார்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இங்கே முதன்முறை இரண்டாம் சுற்று எண்ணினார்களே, அதற்கு ஒரு விதத்தில் சொந்தம். வாக்குப் போடாமல் இருந்தால் அங்கே குற்றப்பணமும் உண்டு.

33 வீதம் எடுத்த கட்சி எப்பிடி அறுதிப் பெரும்பான்மை எடுத்தது? கள்ள வாக்கோ?

கள்ளமில்லை, கணக்கு. 2024 ஜூலையில் பிரித்தானியாவில் தொழிற்கட்சி 33.7 வீத வாக்கோடு 650 இல் 411 சீற் எடுத்தது. மற்றப் பக்கம் பாருங்கோ. ரிஃபோம் கட்சிக்கு 14.3 வீதம், கிடைத்தது 5 சீற். லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 12.2 வீதம், கிடைத்தது 72. எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாக்கு எடுத்தால் எல்லா ஊரிலும் தோற்கலாம். சில ஊர்களில் குவித்து எடுத்தால் அந்த ஊர்களை வெல்லலாம். தமிழ்ப் பெண்ணான உமா குமரன் லண்டனின் ஸ்ராற்போர்ட் அன்ட் போ தொகுதியில் வென்றதும் இந்தத் தேர்தலில்தான்.

இதைக் கேட்டு ‘வெள்ளைக்காரன்ர கூத்து’ என்று சிரித்த ஐயாவுக்கு 1970 ஐ ஞாபகப்படுத்தினேன். அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிதான் கூட வாக்கு எடுத்தது, ஏறக்குறைய 38 வீதம். கிடைத்தது 17 சீற். சுதந்திரக் கட்சி ஏறக்குறைய 37 வீதம், கிடைத்தது 91. அப்போது எங்களுக்கும் இதே ஒற்றைப் புள்ளடி முறைதான். 1978 யாப்பில் வாக்கு வீதத்தைப் பார்த்துச் சீற் பிரிக்கும் விகிதாசாரம் வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஒருத்தருக்கும் பெரும்பான்மை இல்லாட்டி ராசா தனக்குப் பிடிச்ச ஆளைப் போடுவாரோ?

பிடித்த ஆள் என்ற பேச்சே இல்லை. சபையில் தோற்காமல் நிற்கக்கூடியவர் யார் என்பதுதான் கேள்வி. 2025 ஏப்ரல் தேர்தலில் கனடாவின் 343 சீற்றில் பெரும்பான்மைக்கு 172 வேண்டும், லிபரல் கட்சி எடுத்தது 169. அதற்கு அடுத்த கட்சி தூரத்தில் நின்றதால் பிரதமராக இருந்த மார்க் கார்னியே தொடர்ந்தார். இப்படியான சிறுபான்மை அரசாங்கம் ஒவ்வொரு முக்கிய வாக்கெடுப்புக்கும் வேறு யாருடையதோ கையை எதிர்பார்க்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் தோற்றால் விலக வேண்டும், அல்லது தேர்தலுக்குப் போக வேண்டும்.

இலங்கையில் 1960 மார்ச்சில் இதுவே நடந்தது. டட்லி சேனநாயக்கவுக்கு 50 சீற், சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. டட்லி அரசாங்கம் அமைத்தார், சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பிலேயே தோற்றார். தமிழரசுக் கட்சியும் எதிர்த்து வாக்களித்தது. மகாதேசாதிபதி ஒலிவர் குணதிலக்க அடுத்த கட்சியை அழைத்துப் பார்க்கவில்லை, பாராளுமன்றத்தைக் கலைத்தார். அழைத்திருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். ராசாவின் ஆளுக்கு உண்மையான தெரிவு வருவது இப்படியான இடத்தில்தான்.

எம்.பி.யே இல்லாத ஆள் பிரதமராகேலுமோ?

ஏலும், ஆனால் கெதியாகச் சபைக்குள் வர வேண்டும் என்பது வழக்கம். மேலே சொன்ன கார்னி 2025 மார்ச் 14 இல் பதவியேற்றபோது அவருக்குச் சீற் இல்லை. ஏப்ரல் தேர்தலில்தான் நெப்பியன் தொகுதியில் வென்றார். எங்கள் சிறிமாவோ 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரானபோது பிரதிநிதிகள் சபையில் இல்லை, நியமன உறுப்பினராகச் செனற் சபைக்கு வந்தார்.

ராணி இருந்த காலத்தில தானே எங்கட தாத்தாவின்ர பிரஜாவுரிமை போனது? கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு சொல்லியிருக்கேலாதோ?

தருமபுரத்தில் இருந்து வந்த ஒரு தம்பி கேட்டார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். ஒரு திருத்தம்: 1948 இல் முடியில் இருந்தது ராணி அல்ல, தகப்பன் ஆறாம் ஜோர்ஜ். மற்றபடி கேள்வி சரியானது.

சொல்லியிருக்கேலாது, தம்பி. பிரித்தானியாவில் சட்டமூலத்துக்கு முடி கடைசியாகச் சம்மதம் மறுத்தது 1708 இல், ஆன் இராணி. அதற்குப் பிறகு இல்லை. சபையில் நிறைவேறியதை ராசா தடுப்பதில்லை என்பது எழுதாத விதி, ஆனால் எழுதிய விதிகளைவிட இறுக்கம். அதே விதிதான் இங்கும். பிரஜாவுரிமைச் சட்டமும் 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும் முடியின் கீழேயே வந்தன, முடியின் பெயராலேயே சம்மதம் பெற்றன. முதலாம் பதிலில் சொன்ன ஜே.பி. முத்திரைதான்: காகிதம் அநியாயமாக இருந்தாலும் விழும்.

சிறுபான்மையைக் காக்க என்று யாப்பில் 29 ஆம் பிரிவு இருந்தது. அதை வைத்து லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில், அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்று) வரை போய் வாதாடினார்கள். 1953 இல் கோமறைக் கழகம் பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும் என்று தீர்த்தது. 1947 இல் வவுனியாத் தொகுதியில் வென்று முதல் அமைச்சரவையில் இருந்த சி. சுந்தரலிங்கம் இந்தப் பிரச்சினையில் பதவியை விட்டார். ஒருவர் எழும்பிப் போனாலும் சபையில் எண்ணிக்கை எண்ணிக்கைதான். ‘ராணி இருந்திருந்தால் எங்களுக்கு நீதி கிடைச்சிருக்கும்’ என்று பெருமூச்சு விடுகிற பெரியவர்களுக்கு இந்தப் பதிலைத்தான் கொப்பி எடுத்துக் கொடுப்பது.

அப்ப பிரதமரை வீட்டுக்கு அனுப்ப ராசாவால ஏலவே ஏலாதோ?

அவுஸ்திரேலியாவில் ஒரு தரம் நடந்தது. 1975 நவம்பர் 11. பிரதமர் விற்லமுக்குக் கீழ்ச்சபையில் பெரும்பான்மை இருந்தது, ஆனால் செனற் சபை செலவுப் பணத்தை விடவில்லை. மகாதேசாதிபதி ஜோன் கேர் அவரை நீக்கி எதிர்க்கட்சித் தலைவர் பிரேசரை வைத்தார், டிசெம்பர் தேர்தலில் பிரேசர் வென்றார். ராணி தலையிட வேண்டும் என்று சபாநாயகர் எழுதினார். அது அங்கேயே தீர்க்க வேண்டிய விடயம் என்று மாளிகையில் இருந்து பதில் வந்தது.

கனடாவில் 1926 இல் பிரதமர் மக்கென்சி கிங் பாராளுமன்றத்தைக் கலைக்கச் சொல்ல மகாதேசாதிபதி பிங் பிரபு மறுத்தார். புதிதாக வைத்த பிரதமர் சில நாளில் சபையில் தோற்றார், அடுத்து வந்த தேர்தலில் கிங் வென்று திரும்பினார். அதிகாரம் காகிதத்தில் இருக்கிறது. பாவிக்கிறவருக்குப் பிறகு நிம்மதியான நித்திரை இல்லை.

நோர்வேயிலயும் ராசாவாம். சமாதான காலத்தில இஞ்ச வந்தவை அதைப் பற்றிச் சொல்லேல்லையே?

அவர்கள் வந்தது வேறு அலுவலுக்கு. நோர்வேயின் ராசா வேறு ஆள், சாள்ஸ் அந்நாட்டுக்கு ராசா அல்ல. எனக்குப் பிடித்த விடயம் என்னவென்றால், அந்த நாட்டுச் சனம் ராசாவையே வாக்குப் போட்டு எடுத்தது. 1905 இல் சுவீடனோடு இருந்த ஒன்றியத்தை விட்டுப் பிரிந்ததும், டென்மார்க் இளவரசர் ஒருவரை அழைக்கலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். பெரும்பான்மை ஓம் என்றது, அவர் ஏழாம் ஹாக்கோன் ஆனார்.

பாராளுமன்றத்துக்கு 169 சீற், விகிதாசாரம். இடையில் கலைக்கவே முடியாது, நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் தேர்தல். எம்.பி. ஒருவர் அமைச்சரானால் சீற்றைப் பட்டியலில் அடுத்தவருக்கு விட வேண்டும். லண்டனில் அமைச்சர் பாராளுமன்றத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம், ஒஸ்லோவில் இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்ஷாயினி குணரட்ணம் 2021 இல் வென்றது இந்தச் சபைக்குத்தான்.

கனடாச் சிற்றிசன் எடுக்கேக்க ராசாவுக்கு விசுவாசம் எண்டு சத்தியம் பண்ணோணுமாம். மகன் யோசிக்கிறான்.

பண்ணத்தான் வேண்டும். ‘கனடாவின் ராசா மூன்றாம் சாள்ஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்’ என்று வரும். எம்.பி.யும் அந்தச் சத்தியம் செய்யாமல் சபையில் இருக்க முடியாது. அது அந்த மனிதருக்குக் கட்டுப்படுவதல்ல, அவர் பெயரில் இருக்கும் அரசுக்கு. எதிர்க்கட்சிக்குக்கூட லண்டனில் ‘மன்னருக்கு விசுவாசமான எதிர்க்கட்சி’ என்றுதான் பெயர். அரசாங்கத்தைக் கிழிப்பதும் விசுவாசத்துக்குள் அடக்கம்.

மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ. வீ. ஆனந்தசங்கரி 1970 இல் கிளிநொச்சித் தொகுதியில் வென்று போன பாராளுமன்றம் எலிசபெத் இராணியின் பெயரில் சத்தியம் எடுத்தது. அவருடைய மகன் ஹரி ஆனந்தசங்கரி 2015 இல் ஸ்காபரோவில் வென்றபோது சத்தியம் எடுத்ததும் அதே எலிசபெத்தின் பெயரில்.

என்ர மகன் லண்டனில இன்னும் சிலோன் பாஸ்போட்தான். அவனுக்கு அங்க வாக்கு இருக்கோ?

இதுதான் யாரும் நம்பாத பதில்: இருக்கு. பிரித்தானியாவில் வசிக்கிற பொதுநலவாய நாட்டுப் பிரஜை, செல்லுபடியான விசாவும் 18 வயதும் இருந்தால், பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கை பொதுநலவாய நாடு. படிக்கப் போன பிள்ளைக்கும் உண்டு. ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிய வேண்டும், அங்கே கிராம சேவகர் படிவத்தோடு வாசலுக்கு வந்து நிற்கமாட்டார்.

மற்ற நாடுகளில் இப்படி இல்லை. கனடாவில் பிரஜைக்கு மட்டும். அவுஸ்திரேலியாவிலும் எங்களவர் பிரஜையாக வேண்டும். நோர்வேயில் தொடர்ந்து மூன்று வருடம் இருந்தால் உள்ளூராட்சித் தேர்தலில் மட்டும் போடலாம்.

கடைசியாக இதைக் கேட்ட அம்மா கடையில் நின்றபடியே மகனுக்கு வட்ஸ்அப் எடுத்தார். வாக்குச்சாவடிக்கு அடையாளப் பத்திரம் வேணும், ஆனால் தன் பாஸ்போட் முடிந்துபோச்சு என்று அவன் சொன்னான். பொதுநலவாய நாட்டுப் பாஸ்போட் அடையாளத்துக்குச் செல்லும், திகதி முடிந்திருந்தாலும் படத்தில் இருப்பது நீதான் என்று தெரிந்தால் போதும் என்றேன். “படத்தில தலைமயிர் இருக்கு, அண்ணை,” என்றான் அவன்.